இரண வைத்தியர் பெர்சிவல் பாட்

உலகிற்கு உபகாரம் புரிந்த பெரியோருள் சிலர்க்குப் புகழானது விந்தையானதொரு வழியில் வந்து சேர்கின்றது. அவர்தம் பெயரை நாடோறும் பல்லோர் உச்சரிப்பர். ஆயினும் அப்பெயருக்குரியார் யார், எந்நாட்டினர், எக்காலத்தினர் என்று வினவுவார் அரியர். அங்ஙனம் பெயர் நிலைத்து ஆள் மறைந்துபோன ஒருவரது சரிதத்தையே ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு ஆங்கில நாட்டு இரண வைத்தியர் ஒருவரிடத்து என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தனர். அவர்க்குரிய விடை இக்கட்டுரையின் இடையே வரும்.

எமது ஊர் காவேரிப்பாக்கம். அது சென்னையினின்று வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில், பாலாற்று நீரைக் கால்வாய் வழியே ஏற்று நிற்கும் பேரேரியை அடுத்து அமைந்தது. தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்றாகிய அவ்வேரி பல்லவ வேந்தன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்பர். ஏரி நீரால் நெல் விளையினும், இராணிப்பேட்டை, மேல்விஷாரம் முதலிய இடங்களிலுள்ள தோல் பதனிடும் சாலைகளுக்குப் பொழுது புலருமுன் பஸ் ஏறிச் செல்வார் எம் பக்கத்தில் பலர். ஈரத்தோல் சுமத்தல் முதுகை முறிக்கும் வேலை. ஆதலின் முதுகுவலி அவர்க்குப் புதியதன்று. தைலம் தேய்த்தும், ஒத்தடம் கொடுத்தும், பிடித்துவிடுவாரிடம் சென்று பிடித்துக்கொண்டும் சின்னாள் கழிப்பர். வலி விடாது வருத்துமாயின் எக்ஸ்ரே படம் எடுப்பர். படத்தில் முள்ளெலும்பொன்று அரிக்கப்பட்டது போற் காணப்படுமாயின், அன்று முதல் அவ்வீட்டில் அடுப்பெரிவதும் அரிதாகும். இது புற்றோ, வேறொன்றோ என்னும் வினா ஒன்றே வீட்டை நிறைத்து நிற்கும்.

அவ்வினாவிற்கு விடை தேடும் வைத்தியர் தம் சீட்டில் எழுதும் பெயர்களுள் ஒன்று பாட் என்பது. முள்ளந்தண்டைப் பற்றிய க்ஷயரோகத்தைப் பாட் நோய் என வழங்குதல் வைத்திய நூல் மரபு. அச்சீட்டைக் கையிற் கொண்டு வந்த முதியவர் ஒருவர் தமக்குப் பாட்டு வியாதி வந்திருப்பதாகக் கூறக் கேட்டோம். கேட்டபோது நகைத்தோமாயினும், அப்பெயருக்குரியவர் யாரென அறியும் ஆவல் அன்றே எமக்கு உண்டாயிற்று.

பெர்சிவல் பாட் 1714-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் இலண்டன் மாநகரில் திரெட்நீடில் வீதியிற் பிறந்தார். தந்தையார் பத்திரம் எழுதும் தொழிலினர். மைந்தர் சிறு குழவியாயிருக்கும்போதே அவர் காலஞ்சென்றார். கைப்பொருள் குறைந்து நின்ற தாயையும் சேயையும், உறவினராகிய ராச்செஸ்டர் அத்தியட்சர் ஆதரித்தார். அத்தகைய ஆதரவு வாய்ந்த பிள்ளைக்குக் குருப்பட்டமே எளிதிற் கிட்டும் வழி. அவ்வழி வருமாறு ஏவப்பெற்றும், இளைஞர் இரண வைத்தியத்தையே விரும்பினர். (தந்தை விட்ட வழியை மகன் பற்றினார் எனலாம், அவர் புதல்வருள் ஒருவராகிய ஜோசப் ஹோல்டன் பாட் பிற்காலத்தில் இலண்டன் ஆர்ச்டீக்கனாக விளங்கினார்.) 1729-இல், பதினைந்து வயதில், எட்வர்டு நூர்ஸ் என்னும் வைத்தியரிடம் 200 கினி காணிக்கையளித்து மாணாக்கராய் அமர்ந்தார். நூர்ஸ் உடற்கூறு பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்துவார். அவர் காட்டுதற்கு வேண்டிய உடற்பகுதிகளை அறுத்து ஆயத்தஞ் செய்தல் மாணாக்கர் பணி. இளமையில் அங்ஙனம் தம் கையால் அறுத்தறிந்த அறிவே பாட் அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் முதலாயிருந்தது.

அக்காலத்து ஆங்கில நாட்டில் முடி திருத்துவாரும் இரண வைத்தியரும் ஒரே சங்கத்தினர். நம் நாட்டிலும் நாவிதரே மருத்துவராயும் இருந்தமையை அறிந்தார்க்கு இது வியப்பாகாது. 1736-இல் அச்சங்கத்தின் தேர்வில் உயர்ந்த பட்டத்தைப் பெற்றார் பாட். 1745-இல் இரு தொழிலினரும் வெவ்வேறு சங்கத்தினராய்ப் பிரிந்தனர். அதனையொட்டிய காலத்திலேயே இவர் பரிசுத்த பர்த்தொலொமேயு ஆஸ்பத்திரியில் உதவி வைத்தியராய்ப் புகுந்து, 1749-இல் முழு வைத்தியராகி, 1787 வரையில் அவ்விடத்திலேயே பணியாற்றினார். மயக்க மருந்து வருதற்கு ஏறக்குறைய நூறாண்டுகட்கு முன்னைய காலம் அது. நோயாளியை நால்வர் பிடித்துக்கொள்ள, ஒருவர் அறுப்பர். பழுக்கக் காய்ச்சிய இரும்பினாற் சுடுதலும் மிகுதி. அத்தகைய கொடுமைகளைக் குறைத்தல் வேண்டுமென எழுதியும் செய்துங் காட்டியவருள் பாட் ஒருவர்.

இவர் வாழ்க்கையில் யாவரும் எடுத்துரைக்கும் நிகழ்ச்சியொன்றுண்டு. 1756-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் கென்ட் சாலை வழியே குதிரையேறிச் சென்றவர் கீழே வீழ்ந்தார். காலெலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. வழிப்போக்கர் கூடித் தூக்கி வண்டியில் ஏற்ற முற்பட்டனர். அவரோ எவரையுந் தொடவிடவில்லை. முறிந்த எலும்பு வண்டியின் குலுக்கலில் சதையையும் நரம்பையுங் கிழிக்கும் என்பதை அவர் அறிவார். பல்லக்குத் தூக்குவார் இருவரைத் தம் தண்டுகளோடு வருமாறு ஆளனுப்பினார். அவர் வருங்காறும் பனி உறைந்த தரையிற் கிடந்தவாறே, அருகில் கதவொன்றை விலைக்கு வாங்கச் செய்தார். ஆட்கள் வந்ததும் கதவைத் தண்டுகளின்மேல் ஆணியறைந்து கட்டி, அதன்மேற் கிடந்து, இலண்டன் பாலத்தைக் கடந்து வாட்லிங் தெருவிலுள்ள தம் மனையைச் சேர்ந்தார். அங்குக் கூடிய வைத்தியர் காலை வெட்டி நீக்குதலே தக்கதெனத் துணிந்தனர். நோயாளியாகிய பாட்டும் உடன்பட்டார். அத்தகைய முறிவிற்குக் கால் வெட்டுதலே அக்காலத்து முடிந்த முடிபு. கருவிகளும் ஆயத்தமாயின. அவ்வேளை முதிய ஆசிரியர் நூர்ஸ் வந்து சேர்ந்தார். காலை நோக்கினார், காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். கால் பிழைத்தது. இம்முறிவைத்தான் பாட் முறிவு என்று கூறுவதாகப் பலரும் எழுதுகின்றனர், அது பிழை. அப்பெயர் கணுக்காலருகே நேரும் வேறொரு முறிவிற்கு, அதனைப் பின்னாளில் அவர் நூலில் விளக்கினமையால் வந்தது.

படுக்கையிற் கிடந்த அந்நாட்களிலேதான் பாட் அவர்கள் நூலெழுதத் தொடங்கினார். அதற்கு முன்னர் நாற்பத்திரண்டு ஆண்டுகளில் அவர் குறிப்பிடத்தக்கதாக எழுதியது ஏதுமில்லை. அவ்வாண்டிலேயே குடலிறக்கம் பற்றிய நூல் வெளிவந்தது. பின்னர் நூல் மேல் நூலாக வந்தன. எல்லாவற்றையும் ஈண்டு விரிக்கிற் பெருகும். எமது பொருளுக்கு இயைந்தவை மூன்று. மூன்றிலும் அவர் செய்த தொழில் ஒன்றே: பிறர் ஒன்றெனக் கொண்டவற்றை வேறு பிரித்தது.

முதலாவது தலையில் வரும் வீக்கம். 1760-இல் தலைக் காயங்களைப் பற்றி எழுதுங்கால், அடிபட்ட சின்னாட்குப் பின் மண்டையின்மேல் மெத்தென்று எழும் வீக்கமொன்றை அவர் விளக்கினார். அது உள்ளே எலும்பு அழுகி, மூளையின் உறைக்கும் எலும்பிற்கும் இடையே சீழ் கோத்திருத்தற்கு அடையாளம் என்றார். இன்றும் வைத்தியர் அதனைப் பாட்டின் பெயரால் ஒருவகைக் கட்டியென்றே வழங்குகின்றனர். வேடிக்கை யாதெனின், அது கட்டியே அன்று. கிருமியால் வந்த எலும்பழற்சி. இலத்தீன மொழியில் டூமர் என்பது வீக்கம் என்னும் பொதுப்பொருளதே. சீழ்க்கட்டியையும், கொழுப்புக் கழலையையும், உயிர் குடிக்கும் புற்றையும் அவ்வொரு சொல்லே சுட்டியது.

நண்பர்க்கு யாம் தருவதாகச் சொன்ன விடை இவ்விடத்து வருகின்றது. நம் தமிழிலும் கட்டி என்பது அத்தகைய பொதுச்சொல்லே. கொப்புளமும் கட்டி, உள்ளே பரவுவதும் கட்டி. கழலை, பிளவை, புற்று, கண்டமாலை என வேறு சொற்கள் நம்மிடை உள. ஆயினும் ஆஸ்பத்திரி வாயிலில் நிற்கும் ஏழைக் குடும்பத்தார் செவியில் கட்டி என்ற சொல் விழுந்தவுடன் அவர் கேட்பது புற்று என்பதையே. க்ஷயத்திற்கு எலும்புருக்கி என்று முன்னோர் பெயரிட்டனர். உடல் மெலிந்து எலும்புந் தோலுமாதலை நோக்கி இட்ட பெயர் அது. அந்நோய் மெய்யாகவே எலும்பினுட் புகுந்து எலும்பை உருக்குவதும் உண்டென்பது நம் மக்களுட் பலர்க்கு இன்னுந் தெரியாது. க்ஷயமென்றால் இருமல் என்றே எண்ணுவர். இருமலில்லாத ஒருவருக்கு முதுகில் க்ஷயம் என்றால் நம்பார். சொற்பொருளை ஆராய்தல் தமிழ் மாணாக்கர் தொழிலாயின், இச்சொற்களும் ஆராயத் தக்கனவே.

இரண்டாவது, 1775-இல் வெளியான புகைக்கரிப் புற்று பற்றிய சிறு கட்டுரை. இலண்டன் மாநகரில் வீடுதோறும் நிலக்கரி எரித்தனர். புகைபோக்கிகளைத் துடைத்தற்குச் சிறுவரை அவற்றினுள் ஏற்றினர். நான்கைந்து வயதுச் சிறார், ஆடையின்றியும், அடி பொறுத்தும், குறுகிய இருட்குழாய்களில் ஏறியிறங்கினர். அவருள் உயிரோடு வளர்ந்தார்க்குப் பருவம் வந்தபின் விதைப்பையின் தோலில் ஒரு புண் தோன்றும். அதனைத் தீயொழுக்கத்தால் வரும் மேகப்புண் என்று கருதி வைத்தியர் இரச மருந்து கொடுத்து வந்தனர். பாட் அதனை மறுத்தார். இது மேகமன்று, புற்று. இது இத்தொழிலார்க்கே வருவது. தோல் மடிப்புக்களிற் படிந்த கரியே இதற்குக் காரணம். தொடக்கத்தில் அறுத்தெடுப்பின் பிழைப்பர், இரச மருந்தினாற் காலங்கடத்துவராயின் இறப்பர் என்றார். புற்றுநோய்க்குத் தொழிலொன்றைக் காரணமாகக் காட்டிய முதல் எழுத்து இதுவேயென வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். 1915-இல் ஜப்பானியராகிய யாமகிவா, இச்சிகாவா என்னும் இருவர் முயலின் காதில் நிலக்கரித் தார் பூசிப் பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டிய பின்னரே, பாட் கூறியது சோதனையால் மெய்யாயிற்று. பழிச்சொல்லோடு மாண்ட அச்சிறார்க்குப் பாட் செய்த உபகாரம் வைத்தியத்தினும் பெரிதென்பது எமது கருத்து. இராணிப்பேட்டையில் குரோமேட் செய்துவந்த தொழிற்சாலையொன்று மூடப்பட்ட பின்னும், லட்சம் டன்னுக்கு மேற்பட்ட அதன் கழிவு நெடுங்காலம் குவிந்து கிடந்ததை எம் பக்கத்தார் அறிவர். அறுவகை இணைதிறன் பெற்ற குரோமியம் நுரையீரற் புற்றை விளைப்பது என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டது. தோலைப் பதனிடச் சேர்க்கும் குரோமிய உப்பு இதனின் வேறானது. அதனையும் இதனையும் ஒன்றாக்கி அஞ்சுதலும் ஆகாது, இரண்டையும் பொருட்படுத்தாது விடுதலும் ஆகாது.

நிற்க. மூன்றாவதே எம்மை இவ்வளவும் எழுதத் தூண்டியது.

பதினெட்டாம் நூற்றாண்டில் கால் விளங்காமற் போதல் யாவும் வாதம் என்ற ஒரே பெயராற் கூறப்பட்டது. பாட் தம் ஆஸ்பத்திரியில் ஒருவகையாரைத் தனித்து நோக்கினார். நன்றாக ஓடியாடிய குழந்தை, காரணமின்றிச் சோர்ந்து, நடக்கையில் தடுக்கி விழும். அதன் கால்கள் தாமே ஒன்றன்மேலொன்று பின்னிக்கொள்ளும். சின்னாளில் நிற்கவும் மாட்டாது. பொதுவான வாதத்தில் கால் துவண்டு தொங்கும். இவர்க்கோ கால் விறைத்துக் கணுக்கால் மடங்காது நுனிவிரல் கீழ்நோக்கி நிற்கும். முதுகில் தடவினால் ஓரிடத்தில் எலும்பு வெளிநோக்கிப் பிதுங்கி நிற்கும். அக்கூனை எலும்பு நழுவியதாகக் கருதி, இரும்புச் சட்டங்களாலும் இறுக்கும் திருகுகளாலும் நிமிர்த்த முயன்றனர் அக்காலத்தார். இறந்தவர் உடலை அறுத்து நோக்கிய பாட், எலும்பு நழுவவில்லை, உளுத்துப்போயிற்று என்று கண்டார். முள்ளெலும்புகளின் முன்பாகம் அரிக்கப்பட்டு உட்குழிந்தமையால் முதுகு முன்புறம் மடிந்தது. ஆகவே சட்டமிட்டு நிமிர்த்தல் உளுத்த தூணை முட்டுக்கொடாது இழுத்தல் போலாம் என்பது அவர் கொண்ட கருத்தின் சாரம். 1779-இல் இதனை நூலாக வெளியிட்டார். பிரெஞ்சு நாட்டில் ரூவான் நகரத்து ழான் பியேர் தாவீது என்பாரும் அவ்வாண்டிலேயே இதனைத் தாமே கண்டு எழுதினார். நீண்ட ஓய்வே மருந்தென்றார். 1782-இல் வெளியிட்ட மற்றொரு நூலில் பாட், இந்நோய் கண்டமாலையோடு உறவுடையதென்றும் குறித்தார்.

அவர் செய்த சிகிச்சையோ இன்று எவரும் ஏற்கத்தக்கதன்று. கூனின் இருபுறத்தும் காரமருந்து வைத்துப் புண்ணாக்கி, அப்புண் ஆறாதபடி பல மாதம் சீழ் வடியச் செய்தார். அதனாற் கால் வந்ததாக உறுதியாய் நம்பினார். கால் வந்தோர் இருந்தனர் என்பது மெய். புண்ணோடு படுக்கையிற் கிடந்த நெடிய ஓய்வே அவர்க்கு உதவியது என்று கொள்ளுதலே இன்றைய அறிவுக்குப் பொருந்தும். மருந்திற் பிழைத்தவர் பிரித்தறிதலிற் பிழைக்கவில்லை. காரணமாகிய கிருமியை 1882 மார்ச்சு 24-ஆம் நாள் இராபர்ட் காக் அறிவித்தார். உயிரோடிருப்பவரின் எலும்பைக் காணும் கதிரை 1895 நவம்பர் 8-ஆம் நாள் ராண்ட்ஜன் கண்டார். இவ்விரண்டும் இல்லாத காலத்தில், கண்ணும் கையும் கத்தியுமே கருவியாக ஒருவர் இத்துணை கண்டார் என்பதே வியத்தற்குரியது.

பாட் பிரித்துக் கொடுத்த இந்நோய் இன்று புற்றோடு மயங்கி நிற்பதும், அம்மயக்கத்தை நீக்கும் முறையும் சிறிது கூறுதல் வேண்டும். எலும்பிலும் மூட்டிலும் வரும் க்ஷயத்துட் சற்றேறக்குறையப் பாதி முள்ளந்தண்டையே பற்றுவது. மார்பு, நுரையீரல், விந்துச் சுரப்பி, சிறுநீரகம், கழுத்துச் சுரப்பி ஆகியவற்றில் தோன்றும் புற்றும் இரத்தத்தின் வழியே அங்கேயே வந்து குடியேறும். முதுமையில் சுண்ணச்சத்துக் குறைந்து நொறுங்கிய முள்ளெலும்பும் படத்தில் ஏறக்குறைய இவ்வாறே தோன்றும். இவையன்றி, ஒரு தீங்குஞ் செய்யாத இரத்தக்குழாய்க் கழலையும் உண்டு. பிணச் சோதனைகளிற் பத்தில் ஒருவர் முதுகெலும்பில் அது காணப்படுவதாகக் கூறுவர். பெரும்பாலோர் அது தம்மிடம் இருப்பதையே அறியாது வாழ்ந்து முடிப்பர். வேறெதற்கோ எடுத்த படத்தில் அது தென்பட்டு, வீடே அழுதரற்றுதல் உண்டு. தறியிற் பாவு நூல் நிற்பதுபோல மேலுங்கீழுமாக ஓடுங் கோடுகள் அக்கழலையின் அடையாளம். தேர்ந்த கண்ணினர் கண்டவுடன் அஞ்சற்க என்பர்.

க்ஷயத்தையும் புற்றையும் பிரிப்பதற்குரிய குறியை எம்மூர்க் கொத்தர் மொழியிற் கூறுவோம். முள்ளெலும்புகளைச் செங்கல்லென்றும், அவற்றிடையே உள்ள குருத்தெலும்புத் தட்டைச் சாந்தென்றும் கொள்க. க்ஷயம் பெரும்பாலும் சாந்தையும் அதன் மேலுங்கீழுமுள்ள இரண்டு கல்லையும் சேர்த்து அரிக்கும். பக்கத்தே சூடில்லாத சீழ்ப்பையும் கட்டும். புற்றோ பெரும்பாலும் கல்லைத் தின்று சாந்தை விட்டுவைக்கும். முள்ளெலும்பின் பின்புறத்து இரு காம்புகள் நேர்ப்படத்தில் இரு கண்கள் போற் காணும். புற்று அவற்றுள் ஒன்றைத் தின்றுவிட்டால் ஆந்தை ஒரு கண்ணை மூடியது போலத் தோன்றும். எம்.ஆர்.ஐ. படம் இவற்றை இன்னுந் தெளிவாகக் காட்டும். மாலைக் காய்ச்சல், மெலிவு, இரவில் மிகும் வலி என்பன இரண்டிற்கும் பொதுவாதலின் அவற்றை மட்டும் நம்புதல் இயலாது. படக்குறிகளும் எப்போதும் பொய்யா என்று சொல்லல் கூடாது. ஒரே எலும்பைப் பற்றிச் சாந்தைத் தொடாத க்ஷயமும் உண்டு. அதனைப் புற்றென்று கற்றோரும் மயங்குவர். ஆகவே முடிவு சொல்வது ஊசியே. படத்தின் துணையால் ஊசியைச் செலுத்தி அவ்விடத்துத் துணுக்கை எடுத்து, ஒரு பகுதியைப் பூதக்கண்ணாடியின் கீழும், ஒரு பகுதியைக் கிருமிச் சோதனைக்கும் அனுப்புவர். கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை இக்காலத்து ஓரிரு மணி நேரத்தில் விடை தருகின்றது. ஊசி பட்டால் கட்டி சீறிப் பரவும் என்று அஞ்சி அதற்கு உடன்படாதார் எம்மூரில் இன்னும் உளர். அவ்வச்சமே அவர்க்குப் பகை.

இப்பிழையால் விளையுங் கேடு இருதலையானது. யாம் அறிந்த இரு குடும்பங்களை ஊரும் பேருங் கூறாது குறிப்போம். தோல் மண்டியிற் சுமை தூக்கிய ஒருவருக்கு முதுகில் வலி. படத்தைப் பார்த்தோர் யாரோ புற்று என்றனர். அவர் மனைவியார் கறவை மாட்டை விற்றார். மகள் படிப்பை நிறுத்தினர். அவரோ சாவதற்கு எதற்கு மருந்தென்று ஈராறு வாரம் பேசாது கிடந்தார். பின்னர் உறவினர் ஒருவர் வற்புறுத்தி வேலூருக்கு அழைத்துச் செல்ல, ஊசிச் சோதனையில் க்ஷயம் என்று தெரிந்தது. அரசினர் விலையின்றி அளிக்கும் மருந்தை ஓராண்டுக்கு மேல் உண்டு, இன்று நடமாடுகிறார். சுமை தூக்குவதில்லை, மாடு திரும்ப வரவில்லை, மகள் மறுபடியும் பள்ளிக்குச் செல்கிறாள். மற்றொருவர் முதிய அம்மையார். அவருக்கு ஓரிடத்தில் துணுக்குச் சோதனை ஏதுமின்றியே க்ஷயமென்று துணிந்து மருந்து கொடுத்தனர். மாதங்கள் கழிந்தும் வலி தணியவில்லை; கால் விளங்காமற் போயிற்று. மார்பிலிருந்த கட்டியை நாணத்தால் அவர் எவரிடமும் காட்டியதில்லை, கேட்டாரும் இல்லை. முதுகுக்கு வந்தது அதிலிருந்து வந்த புற்று. முன்னரே அறிந்திருப்பின் முற்றும் நீக்குதல் அரிதாயினும், கதிர்ச் சிகிச்சையால் காலைக் காத்திருக்கலாம் என்றனர் பின்னர்ப் பார்த்த வைத்தியர். கால் தளர்தலும் சிறுநீர் தடைப்படுதலும் தோன்றின், காரணம் எதுவாயினும் அன்றைக்கே ஆஸ்பத்திரி செல்லவேண்டும் என்பதும் அப்போதுதான் அவ்வீட்டார்க்குத் தெரிந்தது. தண்டுவடம் நாள் பார்த்துக் காத்திராது.

பாட் நோய் எனப் பிரித்தறியப்பட்டால் இக்காலத்து அது தீருந் தன்மையதே. முன்னாளில் அவ்வாறில்லை. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915-இல் மிஷன்கள் கூடித் திறந்த க்ஷய ஆஸ்பத்திரி போன்ற இடங்களில், நல்ல காற்றும் உணவும் ஓய்வுமே மருந்தாயிருந்த காலம் உண்டு. முதுகு நோயாளரைப் பல மாதம் அசையாது கிடத்துதல் எங்கும் அக்காலத்து முறை. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்ட பின் நிலை மாறிற்று. 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைப் பகுதியைத் தொடங்கினார். 1956-இல் சென்னையில் க்ஷய மருந்தாராய்ச்சி நிலையம் தோன்றியது. வீட்டிலிருந்தே மருந்துண்பார்க்கும் ஆஸ்பத்திரியிற் கிடப்பார்க்கும் குணம் ஒன்றே என்று 1959-இல் அது வெளியிட்ட முடிவு உலகெங்கும் க்ஷய சிகிச்சையை மாற்றியது. முள்ளந்தண்டு க்ஷயத்திற்கும் அறுவை எல்லார்க்கும் வேண்டுவதன்று, நடமாடிக்கொண்டே மருந்துண்டு பெரும்பாலோர் குணமாகலாம் என்பதைச் சென்னையில் 1970-களிற் தொடங்கிப் பத்தாண்டு நோயாளரைத் தொடர்ந்து நோக்கிய ஆராய்ச்சி காட்டியது. இரும்புச் சட்டத்தை வேண்டாவென்ற பாட் இதனைக் கேட்பின் மகிழ்ந்திருப்பார். தம் காரப்புண்ணும் வேண்டாவென்றது கேட்டு என் செய்திருப்பாரோ அறியோம்.

மீண்டும் அவர் சரிதத்திற்கு வருவோம். 1764-இல் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1765-இல் இரண வைத்தியர் சங்கத்தின் தலைமை வந்தது. ஜான் ஹண்டர் என்னும் பேரறிஞர் இவரிடத்துப் பயின்றவர். செல்வரும் கலைஞரும் நாடிவந்தனர். ஆயினும் ஆஸ்பத்திரியில் ஏழைகளைப் பார்க்கும் முறைநாளை அவர் விட்டதில்லை.

1788-ஆம் ஆண்டு அவருடைய இறுதி ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரியில், முன்னர்ச் சென்னையில் ஆலோசனைச் சபையிலிருந்து பின்னர் வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாகிய வாரன் ஹேஸ்டிங்ஸின்மீது வழக்கு விசாரணை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தொடங்கிற்று. அதனைக் காணச் சென்றிருந்த தாமஸ் கெயின்ஸ்பரோ என்னும் புகழ்பெற்ற ஓவியர், தம் பிடரியில் குளிர்ந்தாற்போல் ஏதோ பட்டதென உணர்ந்தார். தடவிப் பார்த்தபோது கழுத்தில் ஒரு வீக்கம். ஹெபர்டன் என்னும் பெரிய வைத்தியரும் ஜான் ஹண்டரும் நோக்கி, நெறிகட்டியதேயன்றிப் பிறிதில்லை, வெப்பம் வந்தால் தணியும் என்றனர். தணியவில்லை. பாட் அழைக்கப்பட்டார். அவர் அதனைப் புற்று என்றார். தம் மாணாக்கரும் உலகம் போற்றும் அறிஞருமாகிய ஹண்டர் கூறியதற்கு மாறாக, எழுபத்துநான்கு வயது முதியவர் ஒருவர் நோயாளி முகத்தின்முன் அங்ஙனம் கூறுதல் எளிய செயலன்று. ஓவியர் தம் இல்லத்து ஏற்பாடுகளைச் செய்துகொண்டு, மனம் வேறுபட்டிருந்த பழைய நண்பராகிய ரெனால்ட்ஸை வருவித்துச் சமாதானமானார். ஆகஸ்டு 2-ஆம் நாள் இறந்தார்.

புகைபோக்கியில் ஏறுஞ் சிறார்க்கு எட்டு வயதேனும் நிரம்பியிருத்தல் வேண்டுமென்ற சட்டம் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் நிறைவேறியதும் அவ்வாண்டிலேயே. அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது; 1875-இல் வந்த சட்டமே அக்கொடுமையை ஒழித்தது.

டிசம்பரில் கடுங்குளிரில், நகரினின்று நெடுந்தொலைவிலிருந்த நோயாளி ஒருவரைக் காணச் சென்ற பாட் அவர்களுக்குச் சீதளம் கண்டது. அது நுரையீரலைப் பற்றிற்று. 22-ஆம் நாள் உயிர் நீத்தார். பரிசுத்த மரியாள் ஆல்டர்மரி ஆலயத்தில் தம் தாயாரருகே அடக்கம் பெற்றார். மருமகராகிய ஜேம்ஸ் ஏர்ல் அவர் நூல்களையெல்லாம் தொகுத்து, வாழ்க்கை வரலாற்றையும் முன்னே சேர்த்து, 1790-இல் அச்சிட்டனர்.